பாட மறுத்தவர் பாட்டு

'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்னும் வினாவைத் தமிழ் மாணவர் எவரும் மறந்திரார். ஓரடியைக் கொடுத்து, இதைக் கூறியவர் யார், கேட்டவர் யார், எந்த நிலையில் இக்கூற்று எழுந்தது என்று வினவுவது அதன் முறை. மதிப்பெண்ணுக்காக ஏற்பட்ட பள்ளி வழக்கம்போல் இது தோன்றலாம். ஆயினும் இதன் வேர் மிகப் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்குரிய 34 உறுப்புகளை எண்ணும்போது மாத்திரை, அசை, சீர், அடி முதலியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பவற்றையும் உறுப்புகளாகவே வைத்து எண்ணுகிறது. சீரும் அடியும் சிதைந்தால் செய்யுள் சிதையும். அதுபோலவே சொல்பவரும் கேட்பவரும் இடமும் காலமும் மறக்கப்பட்டால் செய்யுளின் பொருள் சிதையும்.

மறைநூல்களைப் படிப்போர் இம்முறையை அடிக்கடி மறந்துவிடுகின்றனர். ஒரு வசனம் நாட்காட்டித் தாளிலும் வாழ்த்து மடலிலும் தனித்து நிற்கிறது. அதற்கு முன் என்ன இருந்தது, பின் என்ன வருகிறது என்று கேட்பார் சிலரே. அவ்வசனம் இசையேறிப் பாட்டாகிவிட்டாலோ அச்சிலரும் கேட்பதில்லை. இசை இனிதாயிருப்பதால் பொருளும் இனிதாகவே இருக்கும் என்று செவி முடிவு கட்டிவிடுகிறது. இதற்கு, விவிலியத்தின் 137-ஆம் சங்கீதத்தையும் அதிலிருந்து பிறந்து உலகெங்கும் ஒலித்த ஒரு மெல்லிசைப் பாடலையும் விடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

சங்கீதத்தின் போக்கு

சங்கீத நூல் 150 பாடல்களின் தொகுப்பு. அவற்றுள் 137-ஆவது ஒன்பதே வசனங்கள் கொண்ட சிறு பாடல். நாட்டை இழந்த மக்கள் பாபிலோனின் நீர்க்கரைகளில் அமர்ந்து, தம் சீயோன் மலையை எண்ணி அழுகின்றனர். தம் இசைக்கருவிகளை அங்குள்ள மரங்களில் மாட்டிவிடுகின்றனர். அவர்களைச் சிறைகொண்டு வந்தவர்களோ, சீயோன் பாட்டு ஒன்று பாடிக் காட்டுமாறு வேடிக்கை கேட்கின்றனர். அயலார் மண்ணில் ஆண்டவருக்குரிய பாட்டைப் பாடுவது எங்ஙனம் என்று இவர்கள் மறுக்கின்றனர். இவ்வளவும் முதல் நான்கு வசனங்களின் செய்தி.

ஐந்தாம், ஆறாம் வசனங்களில் பாடுவோன் தன்னைத்தானே சபித்துக்கொள்கிறான். எருசலேமை மறந்தால் தன் வலக்கை செயலற்றுப் போகவேண்டும், தன் நாவு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளவேண்டும் என்கிறான். மீட்டும் கையும் பாடும் நாவுமே இங்கே பணயமாக வைக்கப்படுகின்றன. ஏழாம் வசனம், எருசலேம் வீழ்ந்த நாளில் அதை அடிவரை இடிக்கத் தூண்டிய ஏதோமியரை மறவாதிருக்கும்படி கடவுளிடம் முறையிடுகிறது. எட்டாம், ஒன்பதாம் வசனங்கள் பாபிலோனை நோக்கித் திரும்புகின்றன. பாபிலோன் செய்த கொடுமையை அதற்கே திருப்பிச் செய்பவன் பேறுபெற்றவனாம்; அந்நகரின் பச்சிளங் குழந்தைகளைப் பாறையில் மோதுபவன் பேறுபெற்றவனாம். அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. அழுகையில் தொடங்கிய பாடல் இந்தக் கொடிய வாழ்த்தில் முடிந்துவிடுகிறது.

இலக்கணக் கண்ணோடு நோக்குவார்க்கு இரண்டு செய்திகள் புலப்படும். முதல் நான்கு வசனங்களில் பேசுவது 'நாங்கள்' என்னும் பன்மை. ஐந்திலும் ஆறிலும் அது 'நான்' என்னும் ஒருமையாகிறது. ஊர் கூடி அழலாம். உறுதிமொழியை ஒவ்வொருவனும் தனித்தே எடுத்தாகவேண்டும் என்பது போலும். மற்றொன்று, கேட்போர் மாறிக்கொண்டே செல்வது. முதற் பகுதி கதை கேட்போர் எவர்க்கும் உரியது. அடுத்தது எருசலேமை விளித்தது. அதற்கடுத்தது கடவுளை விளித்தது. இறுதியானது பகைநகரை விளித்தது. ஒன்பது வசனங்களுக்குள் இத்தனை முகம் திரும்பும் பாடலில் எங்கே வெட்டினாலும் ஏதேனும் ஒரு முகம் போய்விடும்.

களனும் காலமும்

கி.மு. 597-இல் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பணியவைத்து, இளம் அரசன் யோயாக்கீனையும் அவன் குடும்பத்தாரையும் கைவினைஞரையும் கொண்டு சென்றான். யூதா நாடு மீண்டும் கிளர்ந்தெழவே, கி.மு. 586-ஐ ஒட்டி நகரமும் கோயிலும் தீக்கிரையாயின. கடைசி அரசன் சிதேக்கியாவின் மைந்தர்களை அவன் கண்ணெதிரே கொன்று, பின்னர் அவன் கண்களையும் பறித்தனர் என்று இராஜாக்களின் இரண்டாம் நூல், 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. சங்கீதத்தின் இறுதி வசனத்தைக் கண்டு நடுங்குவோர் இச்செய்தியையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகளைக் கொல்லும் செயலைத் தொடங்கியவர் அப்பாடலைப் பாடியவர் அல்லர்.

பாபிலோனின் 'ஆறுகள்' என்பன யூப்ரத்தீசு ஆறும் அதிலிருந்து வெட்டப்பட்ட கால்வாய்களும் ஆகும். எசேக்கியேல் என்னும் தீர்க்கதரிசி காட்சி கண்டதாகக் கூறும் கேபார் நீர்நிலையும் அத்தகைய கால்வாயே என்பர். அங்குக் கொண்டு செல்லப்பட்டோர் அனைவரும் விலங்கு பூட்டப்பட்டுச் சிறையில் கிடந்தனர் என்று எண்ணுதல் பிழை. பாபிலோன் நகரில் கிடைத்த களிமண் ஏடுகளில், யோயாக்கீனுக்கும் அவன் மைந்தருக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு உள்ளது. 2014-இல் பதிப்பிக்கப்பட்ட வேறொரு தொகுதி ஏடுகள், 'யூதாவின் ஊர்' எனப் பொருள்படும் ஒரு குடியிருப்பில் அம்மக்கள் நிலம் உழுது, வரி செலுத்தி, கடன் கொடுத்து வாங்கி வாழ்ந்ததைக் காட்டுகின்றன. ஆகவே ஆற்றங்கரை அழுகை பசியால் எழுந்த அழுகை மட்டும் அன்று. உண்ணவும் உழவும் இடமிருந்தும் மறக்கமுடியாமையால் எழுந்த அழுகை அது. மறந்தால் கை விழட்டும் என்ற ஆணை ஏன் தேவைப்பட்டது என்பது இதனால் விளங்கும். அயல்மண் வசதியாக அமையும்போதுதான் மறதி எளிதாகும்.

இனி ஒரு சிறு சொல். நீர்க்கரையைச் சுட்டும்போது மூலநூல் 'அங்கே' என்கிறது. தமிழ் விவிலியமும் அச்சுட்டைக் காத்திருக்கிறது. பாபிலோனில் இருந்துகொண்டு பாடியிருந்தால் 'இங்கே' என்றல்லவா வரவேண்டும்? இச்சேய்மைச்சுட்டைக் கொண்டு, பாரசீக அரசன் கோரேசு கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றி, அம்மக்களைத் திரும்பவிட்ட பின்னர் இப்பாடல் எழுந்திருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுவர். அவ்வாறாயின் இது திரும்பி வந்தோர் தம் இடிந்த ஊரின் நடுவே நின்று பாடியது. துயரம் முடிந்த பின்னும் முடியாத துயரம் இதில் உள்ளது.

மரத்தின் பெயரும் ஒரு பாடம் கற்பிக்கிறது. கருவிகளை மாட்டிய மரத்தை ஆங்கில விவிலியம் 'வில்லோ' என்றது. தமிழ் விவிலியம் 'அலரி' என்றது. யூப்ரத்தீசுக் கரையில் வளரும் பாப்லர் வகை மரமே மூலத்தில் குறிக்கப்பட்டது என்பது இக்கால அறிஞர் பலர் கருத்து. தாவரவியல் அறிஞர் லின்னேயசு, சீன நாட்டுக்குரிய தொங்குகிளை வில்லோ மரத்துக்குப் பாபிலோன் பெயரையே சூட்டிவிட்டார். ஒரு பாட்டின் இடத்தைச் சரியாக அறியாமையால் ஒரு மரமே ஊர் மாறிப்போயிற்று. மரத்துக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரக்கூடும்.

இதே காலத்து மற்றொரு குரலையும் கேட்டாகவேண்டும். கி.மு. 597-இல் கொண்டு செல்லப்பட்டோருக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதிய மடல், அவர் நூலின் 29-ஆம் அதிகாரத்தில் உள்ளது. வீடு கட்டுங்கள், தோட்டம் இடுங்கள், மணம் செய்யுங்கள், நீங்கள் சென்ற நகரின் நலத்துக்காகக் கடவுளை வேண்டுங்கள் என்பது அம்மடலின் கருத்து. சிலர் இம்மடலையும் சங்கீதத்தையும் எதிரெதிராக நிறுத்தி, ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்பர். காலத்தை நோக்கினால் அவ்வாறு கூறத் தோன்றாது. மடல் எழுதப்பட்டது எருசலேம் எரியும் முன்னர். எந்த நகரின் நலத்துக்காக வேண்டும்படி சொல்லப்பட்டனரோ அந்த நகரே சில ஆண்டுகளில் அவர்கள் ஊரைக் கொளுத்தியது. மடலைப் படித்தவரின் பிள்ளைகளே சங்கீதத்தையும் பாடியிருக்கக்கூடும். இரண்டையும் ஒரே நூலில் வைத்துக் காத்த மரபு, இரண்டுக்கும் இடமுண்டு என்று கருதியே காத்தது.

ஜமைக்காவில் மறுபிறப்பு

இப்பாடல் தன் பிறந்த மண்ணை விட்டு நெடுந்தூரம் பயணம் செய்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கரைகளுக்கும் கரிபியத் தீவுகளுக்கும் அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டோர், விவிலியத்தைக் கற்றபோது அதிற் பாபிலோனை எளிதில் அடையாளங் கண்டனர். அடிமைக் கப்பல்களின் மேல்தளத்தில் அவர்களைக் கட்டாயப்படுத்தி ஆடவைத்தனர் என்பது 1790, 1791-ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியமாகப் பதிவாயிற்று. சிறைகொண்டோர் சிறைப்பட்டோரிடம் களியாட்டுக் கேட்கும் மூன்றாம் வசனம் அவர்களுக்கு உவமையாக இருக்கவில்லை. உடம்பில் பட்ட அனுபவமாக இருந்தது.

அடிமைத்தளையிலிருந்து தப்பிச் சொற்பொழிவாளராக விளங்கிய பிரெடரிக் டக்ளசு, 1852 ஜூலை 5-இல் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் அமெரிக்க விடுதலை நாளையொட்டிப் பேசினார். அடிமைகள் வாழும் நாட்டில் அவ்விழாவுக்குத் தம்மைப் பேச அழைத்தது, சீயோன் பாட்டைக் கேட்ட பாபிலோனியர் செயலை ஒத்தது என்று காட்ட இச்சங்கீதத்தையே எடுத்தாண்டார். அவரும் ஆறாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். ஆயினும் அவர் நிறுத்திய இடத்துக்குப் பின்னால் இருந்த சினத்தை அவருடைய பேச்சின் எஞ்சிய பகுதி முழுவதும் சுமந்தது.

ஜமைக்காத் தீவை 1655-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அங்கே அடிமை முறை 1834-இல் சட்டப்படி நீங்கி, 1838-இல் முற்றிலும் ஒழிந்தது. 1930-இல் எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலி செலாசி என்ற பெயருடன் பேரரசராக முடிசூடினார். கறுப்பின அரசர் ஒருவர் முடிபுனைந்த இச்செய்தியை விவிலிய வாக்கின் நிறைவாகக் கண்ட ஜமைக்கா ஏழை மக்கள் சிலரிடையே ராஸ்தஃபாரி இயக்கம் தோன்றிற்று. அவர்கள் மொழியில் சீயோன் என்பது ஆப்பிரிக்கா, சிறப்பாக எத்தியோப்பியா. பாபிலோன் என்பது அடிமைப்படுத்திய ஆட்சியும் அதன் எச்சமான அதிகாரமும் ஆகும்.

இப்பின்னணியில் 1970-இல் மெலோடியன்ஸ் என்னும் ஜமைக்காப் பாடகர் குழு, ரெகே இசையில் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' என்ற பாடலை வெளியிட்டது. குழுவைச் சேர்ந்த பிரெண்ட் டோவ், டிரெவர் மெக்நாட்டன் ஆகிய இருவர் அதை இயற்றினர். 1972-இல் வெளிவந்த 'தி ஹார்டர் தே கம்' என்ற ஜமைக்காத் திரைப்படத்தின் இசைத்தட்டிலும் அது இடம்பெற்றது. சங்கீதத்தின் முதல் நான்கு வசனங்களே பாடலின் உடல். அவற்றில் இருவகை மாற்றங்கள் செய்யப்பட்டன. சிறைகொண்டு சென்றோர் தீயோர் எனத் தெளிவாகச் சுட்டப்பட்டனர். ஆண்டவர் என்ற சொல் இருந்த இடத்தில் எத்தியோப்பியப் பேரரசரைக் குறிக்கும் பெயர் வந்தது. ஐந்து முதல் ஒன்பது வரையுள்ள வசனங்கள் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் 19-ஆம் சங்கீதத்தின் இறுதி வேண்டுதல் வைக்கப்பட்டது. வாயின் சொற்களும் நெஞ்சின் எண்ணமும் கடவுளுக்கு உகந்தனவாக வேண்டும் என்பது அவ்வேண்டுதலின் பொருள்.

ஆடரங்கில் அதே பாட்டு

எட்டு ஆண்டுகள் கழித்து, 1978-இல், மேற்கு ஜெர்மனியில் பிராங்க் ஃபாரியன் என்னும் இசைத் தயாரிப்பாளர் அமைத்த போனி எம். குழு இதே பாடலை டிஸ்கோ ஆட்டத்துக்கேற்ற நடையில் பாடியது. பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்று, அந்நாட்டில் மட்டும் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகள் விற்ற பாடல் இது. உலகில் பெரும்பாலோர் அறிந்தது இவ்வடிவமே. பேரரசரின் பெயர் இதில் நீங்கி, ஆண்டவர் என்ற சொல் மீண்டும் தன் இடத்துக்கு வந்தது. இறுதி வேண்டுதலில் 'இன்றிரவு இங்கே' எனப் பொருள்படும் சொற்கள் சேர்ந்தன.

கிறிஸ்தவ இறையியல் நோக்கில் இவ்விரண்டையும் சீர்தூக்குவோர் ஒரு வியப்பைக் காண்பர். மெலோடியன்ஸ் வடிவில் உள்ள பெயர் மாற்றத்தைக் கிறிஸ்தவர் ஏற்கமாட்டார். மனிதரான மன்னரை நம்பவேண்டாம் என்று எச்சரிப்பதும் சங்கீத நூலே. அது 146-ஆவது சங்கீதம். ஹைலி செலாசி தாமும் எத்தியோப்பியப் பழைமைத் திருச்சபையைச் சார்ந்த கிறிஸ்தவர். அவர் 1974-இல் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, 1975-இல் மறைந்தார். ஆகவே சொல்லளவில் நோக்கின் போனி எம். வடிவமே வேதத்துக்கு நெருங்கியது.

ஆனால் கூற்று, கேட்போர், களன் என்னும் மூன்றையும் கொண்டு நோக்கினால் முடிவு தலைகீழாகிறது. மெலோடியன்ஸ் பாடியபோது பாடியவர் பெயர்க்கப்பட்டோரின் வழித்தோன்றல். கேட்டவர் அதே துன்பத்தில் பங்குள்ள மக்கள். களன், கடல்கடந்து கொண்டுவரப்பட்டோர் வாழும் தீவு. ஆண்டவரின் பெயரில் தவறியவர்கள் ஆற்றங்கரையின் பெயரில் தவறவில்லை. போனி எம். வடிவில் ஆண்டவரின் பெயர் திருந்தியது, ஆற்றங்கரை காணாமற்போயிற்று. சேய்மைச்சுட்டால் எழுந்த பாட்டின் ஈற்றில் 'இங்கே' என்னும் அண்மைச்சுட்டு வந்து அமர்ந்தது. அந்த 'இங்கே', ஆட்டம் நிகழும் அரங்கு.

இன்னும் கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். போனி எம். பாடகியர் இருவர் ஜமைக்காவிற் பிறந்தவர்கள். வேடிக்கைக்காகப் பாடமாட்டோம் என்று மறுத்த பாட்டு, ஐரோப்பிய ஆடரங்குகளின் கேளிக்கைக்காக, அடிமைப்பட்டோர் வழிவந்த குரல்களாலேயே பாடப்பட்டது. மூன்றாம் வசனத்தில் பாபிலோனியர் கேட்டது இதைத்தான். இதற்காக அப்பாடகியரைக் குறை கூறுதல் தகாது. அவர்கள் குரலில் உள்ள ஏக்கம் உண்மையானது. அவர்கள் பாடியிராவிட்டால் இச்சங்கீதத்தின் பெயரைக்கூட அறியாதார் எத்தனையோ பேர். தாளத்தைக் குறை கூறுவதும் பொருந்தாது. பறையும் நடனமும் கொண்டு இறைவனைப் போற்றச் சொல்வதும் சங்கீத நூலே. 150-ஆவது சங்கீதத்தில் அதைக் காணலாம். குறை, பாட்டைக் கேட்டோர் அதன் இடத்தைக் கேளாமையில் உள்ளது.

விடுபட்ட வசனங்கள்

இரண்டு வடிவங்களும் ஒருங்கே விட்டுவிட்ட இறுதி வசனங்களைப் பற்றிய வினா இனி எழுகிறது. அவற்றை விட்டது சரியா? கிறிஸ்தவர் இவ்வசனங்களோடு நெடுங்காலம் போராடியுள்ளனர். அவர்கள் கண்ட வழிகள் மூன்று.

முதலாவது உருவகம். அகஸ்தீன் (354-430) பாபிலோனின் குழந்தைகள் என்பதற்கு, நெஞ்சில் அப்போதுதான் பிறந்த தீய விருப்பங்கள் என்றும், பாறை என்பதற்குக் கிறிஸ்து என்றும் பொருள் கொண்டார். தீமை வளருமுன் அதைக் கிறிஸ்துவின்மேல் மோதி அழிக்கவேண்டும் என்பது அவர் விளக்கம். ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிசு 1958-இல் சங்கீதங்களைப் பற்றி எழுதிய நூலிலும் இதையொத்த கருத்து உண்டு. அறநெறிப் பாடமாக இது சிறந்ததே. ஆயினும் குழந்தைகள் உருவகமாகும்போது, எருசலேமில் உண்மையாகவே மடிந்த குழந்தைகளும் மெல்ல உருவகமாகிவிடுகின்றனர். அழுதவனின் வழக்கு அங்கே கேட்கப்படாமலே முடிகிறது.

இரண்டாவது விலக்கு. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை 1971-இல் திருத்தி வெளியிட்ட திருப்புகழ்மாலை நூலில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுவதும் விடப்பட்டன. வேறு சிலவற்றில் கடுமையான வசனங்கள் மட்டும் நீக்கப்பட்டன. 137-இன் இறுதி வசனங்கள் அவ்வாறு நீங்கியவற்றுட் சேரும். செபிப்போர் உள்ளத்துக்கு அவை இடர் தரும் என்பதே கூறப்பட்ட காரணம். ஏறத்தாழ அதே காலத்தில் ஜமைக்காப் பாடகரும் அதே வசனங்களை விட்டது கருதத்தக்க ஒற்றுமை. விட்டோர் நோக்கம் நல்லது. ஆனால் சொல்லை நீக்கியதால் சினம் நீங்கிவிடுமா? நீங்காத சினம் செபத்தில் இடம் பெறாவிடில், செபத்துக்கு வெளியே போய் இடந்தேடும் அல்லவா?

மூன்றாவது வழி முழுமையாகப் படித்தல். ஜெர்மானிய இறையியலார் டீட்ரிச் போன்ஹோஃபர், நாஜி ஆட்சியின் நடுவே 1940-இல் சங்கீதங்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1945-இல் அவ்வாட்சியால் தூக்கிலிடப்பட்டார். பழிவாங்கும் சங்கீதங்களைச் செபிப்பவன் பழியைத் தன் கையிலிருந்து எடுத்துக் கடவுளின் கையில் கொடுத்துவிடுகிறான் என்பதும், கடவுளின் தண்டனையோ சிலுவையில் குற்றமற்ற தம் மைந்தன் மீதே விழுந்தது என்பதும் அவர் கருத்து. 137-ஆம் சங்கீதத்தைப் பாடுவோன் கையில் வாள் இல்லை. மரத்தில் மாட்டிய இசைக்கருவி ஒன்றுதான் அவன் உடைமை. அவன் பாறையில் மோதப்போவதாகச் சூளுரைக்கவும் இல்லை. தன் நெஞ்சில் உள்ளதை மறைக்காமற் கடவுளின் முன்னிலையில் கொட்டிவிட்டு வாய் மூடிக்கொள்கிறான். அவன் கேட்டதைக் கடவுள் அப்படியே கொடுத்தார் என்று சங்கீதம் கூறவில்லை என்பதும் நினையத்தக்கது.

இவ்வசனத்துக்குப் புதிய ஏற்பாட்டில் ஒரு மறுமொழி உண்டு. இச்சங்கீதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் குழந்தைகளை 'மோதுதல்' என்பதற்கு வந்த அதே வினைச்சொல், லூக்கா நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில், 44-ஆம் வசனத்தில் மீண்டும் வருகிறது. அங்கே பேசுபவர் இயேசு. எருசலேமை நெருங்கி வந்து அந்நகரைக் காண்கிறார். பகைவர் அதை முற்றுகையிட்டு, அதையும் அதன் பிள்ளைகளையும் தரையோடு மோதப்போகும் நாளை முன்னுரைக்கிறார். சொல் ஒன்றே. சங்கீதத்தில் அச்சொல்லைச் சொன்னவன் பேறு என்றான். நற்செய்தியில் அதைச் சொன்னவர் அழுதார். சங்கீதம் கண்ணீரில் தொடங்கிப் பழியில் முடிந்தது. இயேசுவோ அப்பழிச்சொல்லை மீண்டும் கண்ணீருக்குக் கொண்டு வந்து சேர்த்தார். எந்த ஊர்க் குழந்தையாயினும் குழந்தையே என்னும் உண்மை அக்கண்ணீரில் இருக்கிறது. ஒன்பதாம் வசனத்தை வெட்டி எறிந்தவர்க்கு இம்மறுமொழி கேட்காது. வினாவை அழித்துவிட்டவன் விடையை எங்ஙனம் காண்பான்?

எச்சம்

இனி மெல்லிசைப் பாடலுக்குத் திரும்பினால், அதன் ஈற்றில் வைத்த 19-ஆம் சங்கீத வேண்டுதல் புதுப்பொருள் தருகிறது. அவ்வேண்டுதலுக்கு முன்னுள்ள வசனங்களில் பாடுவோன், தனக்கே தெரியாத மறைந்த பிழைகளினின்று தன்னைக் காக்கவேண்டும் என்கிறான். ஆகவே அது தன்னைத்தான் சோதிக்கும் ஒருவனின் வேண்டுதல். பழிச்சொல் இருந்த அதே இடத்தில் இதை வைத்தவர், நன்கு எண்ணி வைத்தாரோ, பாடுவதற்கு ஏற்றதென்று வைத்தாரோ, அறிவார் யார்? ஆனால் சங்கீதத்தை முழுதும் அறிந்தவன் செவியில் அது மிக ஆழமாக ஒலிக்கும். நாவில் வரத் துடிக்கும் கொடுஞ்சொல்லை உணர்ந்து, என் சொல்லும் எண்ணமும் உமக்கு உகந்தனவாகட்டும் என்று கடவுளை நோக்கித் திரும்பும் குரலாக அது ஒலிக்கும். சங்கீதத்தை அறியாதவன் செவியிலோ அது இனியதொரு முடிப்பு, அவ்வளவே.

தொல்காப்பியர் எச்சத்தையும் செய்யுளுறுப்பாக எண்ணியதன் நுட்பம் இங்கே விளங்குகிறது. சொல்லாது எஞ்சி நின்று, கேட்போனால் நிரப்பப்பட்டுப் பொருளை முடிப்பது எச்சம். இப்பாடலின் எச்சம் விடுபட்ட ஐந்து வசனங்கள். அவற்றைக் கேட்போன் தன் நெஞ்சில் கொண்டுவந்தால் பாட்டு நிறைவுறும். கொண்டுவராவிடில் பாதிப் பாட்டையே முழுப்பாட்டென்று எண்ணி ஏமாறுவான். பாதிப் பாட்டு துன்பப்படாதவனுக்கு இதமாயிருக்கும். துன்பப்பட்டவனுக்கோ, தன் கண்ணீர் வரவேற்கப்பட்டுத் தன் சினம் வாசலிலேயே தடுக்கப்பட்டது போலத் தோன்றும்.

மறைநூல் அடிகளை மெல்லிசையில் கேட்கும் கிறிஸ்தவர் அவ்விசையை வெறுத்து ஒதுக்கவேண்டியதில்லை. மறைநூல் ஒலிக்கிறதே என்று மயங்கி நிற்கவும் வேண்டியதில்லை. ஆரவாரப் பாட்டை அகற்றுங்கள், நீதி ஆறாக ஓடட்டும் என்னும் பொருள்பட ஆமோஸ் தீர்க்கதரிசி கூறியது பாட்டின்மேல் கொண்ட வெறுப்பால் அன்று; பாட்டும் வாழ்வும் பிரிந்து நின்றமையால். பாடுபவர் யார், யாருக்காகப் பாடுகிறார், எதைப் பாடாமல் விட்டார் என்னும் மூன்று வினாக்களையும் கேட்டுவிட்டால், ஒரு பாடல் எத்தனை தூரம் மெய்யானது என்பது தானே வெளிப்படும்.

விவிலியத்தைச் சமயப்பாடமாகவோ இலக்கியமாகவோ கற்பிக்கும் ஆசிரியர் இதை வகுப்பில் எளிதாகச் செய்துகாட்டலாம். முதலில் பாடலைக் கேட்கச் செய்தல். மாணவர் தாளமிடுவர், தடுக்கவேண்டாம். பின்னர் 137-ஆம் சங்கீதத்தை ஒன்பது வசனமும் ஒருவர் உரக்கப் படித்தல். அதன்பின் லூக்கா 19-இன் அப்பகுதியைப் படித்தல். இறுதியில் அதே பாடலை மீண்டும் ஒருமுறை கேட்கச் செய்தல். இசை மாறாது, தாளம் மாறாது, இரண்டாம் முறை கேட்கும் மாணவருட் சிலர் தாளமிடுவதை இடையில் நிறுத்தக்கூடும். இடஞ்சுட்டிப் பொருள் விளக்கும் பயிற்சிக்கு அதைவிடச் சிறந்த மதிப்பெண் இல்லை.